சுவரைக் காப்பதா, சொல்லைக் காப்பதா?

முன்னோர் அமைத்த ஊரொன்றைப் பேணிக் காக்கிறோம் என்னும்போது, நாம் காப்பது எதனை? செங்கல்லையும் ஓட்டையுமா? அவற்றை அடுக்கியவர்கள் நெஞ்சில் கொண்டிருந்த நோக்கத்தையா? உலகின் முதல் பூங்கா நகரான இங்கிலாந்தின் லெச்வர்த் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் ஏழைகள் காற்றும் வெளிச்சமும் இன்றி நெருக்கடியில் வாடினர். சிற்றூர்களோ பிழைப்பின்றி வெறிச்சோடின. நாடாளுமன்றச் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய எபனேசர் ஹோவர்டு, 1898இல் வெளியிட்ட நூலில் மாற்று வழி ஒன்றைக் காட்டினார். நகரின் வாய்ப்பும் நாட்டுப்புறத்தின் நலமும் ஒருங்கே அமைந்த ஊர். அதனைச் சூழ்ந்து விளைநிலம். குடிமக்கள் ஏறத்தாழ 32,000 பேர். இவற்றினும் மேலான கருத்து ஒன்று அதில் உண்டு. மக்கள் கூடி வாழ்வதாலேயே நிலத்தின் மதிப்பு உயர்கிறது. ஆதலின் அவ்வுயர்வின் பயனும் அம்மக்களுக்கே உரியது. எனவே நிலம் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதே அது.

1903இல் 3,818 ஏக்கரில் லெச்வர்த் தொடங்கப்பெற்றது. ரேமண்ட் அன்வினும் பேரி பார்க்கரும் அதனைத் திட்டமிட்டனர். பங்குதாரர்க்கு ஆண்டு ஆதாயம் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பிட்டனர். 150 பவுண்டில் எளியோர்க்கு வீடு கட்ட இயலும் என்று காட்ட, 1905இல் கண்காட்சியும் நடத்தினர்.

ஆண்டுகள் உருண்டன, நிலத்தின் மதிப்பும் ஏறியது. 1960இல் வெளியார் நிறுவனம் ஒன்று பங்குகளை வாங்கி, நகரின் நிலத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டது. ஒரு சுவரும் இடியவில்லை. ஒரு மரமும் சாயவில்லை. ஆயினும் ஊரின் உயிர்நாடியே அறுபடும் நிலையில் இருந்தது. ஊரார் வாளாவிருந்தனர் அல்லர். அவர்தம் போராட்டத்தின் பயனாக 1962இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1963இல் பொதுக் கழகம் ஒன்று நிலத்தை ஏற்றது. 1995இல் அப்பொறுப்பு மரபுரிமை அறக்கட்டளைக்கு வந்தது. சொத்தின் வருவாய் ஊர்நலனுக்கே செலவிடப்படுகிறது.

இன்று அந்நகரில் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவும் இசைவு பெறவேண்டும். இது நல்லதே. அழகு அழிந்தால் நினைவும் மங்கும். ஆனால் அன்று எளியோர்க்கென எழுந்த அச்சிறு வீடுகள் இன்று எளியோர் வாங்கும் விலையில் இல்லை. சாளரத்தின் வடிவம் மாறாதிருக்க, அச்சாளரத்தின் உள்ளே எவர் வாழ்தல் வேண்டும் என்ற எண்ணம் மாறிவிட்டால், நாம் காத்தது மரபையா, அதன் கூட்டையா?

நினைவு என்பது கடந்ததை வியந்து நிற்பது அன்று. முன்னோர் கொடுத்த சொல்லை நம் காலத்தில் நிறைவேற்றுவது. சுவரைக் காப்பதற்குச் சட்டம் போதும். சொல்லைக் காப்பதற்கோ, ஊரின் பொதுச் செல்வத்தைத் தம் பங்காகப் பிரித்துக்கொள்ள மறுக்கும் மனிதர்கள் தலைமுறைதோறும் வேண்டும். 1960இல் லெச்வர்த்தில் அத்தகையோர் இருந்தனர். அவர்கள் எழுந்து நின்றதும் அந்நகரின் மரபுச் செல்வமே.