செய்தவரும் செய்வித்தவரும்

தணிக்கைத் தொழிலில் உயர்தல் என்பது, இளையோர் சரிபார்த்த கணக்கின் கீழ்த் தாம் கையொப்பமிடும் உரிமையைப் பெறுதலே. அவ்வாறாயின் பிழை யாரைச் சாரும்?

அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம், என்ரான் கம்பெனியின் கணக்குகளைத் தணிக்கை செய்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் அதற்குக் கிட்டிய கட்டணம் 5.2 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் ஆலோசனைக்கு, தணிக்கைக்கு அன்று! என்ரானின் கணக்கு முறைகளை மறுத்துரைத்த கூட்டாளி ஒருவர், 2001-இல் அக்கம்பெனியின் விருப்பத்திற்கிணங்க அப்பொறுப்பினின்று விலக்கப்பட்டார். சில திங்களில், ஹூஸ்டன் அலுவலக ஊழியர்கள் என்ரான் ஆவணங்களை இயந்திரத்திலிட்டுத் துண்டு துண்டாக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் என்ரான் திவாலாயிற்று. 2002-இல் ஆண்டர்சன் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியபோது, தொழில் அழிந்துவிட்டிருந்தது.

செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர் ஆகிய மூவர்க்கும் வினையில் பங்குண்டென்று நாம் சிறுபருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஆயினும் மூவர் பங்கும் ஓரளவினதோ? இளம் ஊழியனுக்கு வீட்டு வாடகை உண்டு, தங்கையின் திருமணமும் இருக்கலாம். கரும்பலகையில் தம் தவற்றைச் சுட்டிய மாணவனை வெளியே நிறுத்திய ஆசிரியர்களை நான் கண்டதுண்டு. மறுநாள் முதல் அவ்வகுப்பில் எவரும் கையுயர்த்துவதில்லை. ஆவணங்களை அழித்த நாளினும், மறுத்துரைத்தவரை விலக்கிய நாளே கொடியதென்று கருதுகிறேன்.