பாதம் வலிக்குதா? முருகன் ஆஸ்பத்திரிக்கும் வருவான்

 

பழனி பாதயாத்திரை முடிஞ்சு மாசக்கணக்காகியும் கால் வலி போகலைனு சில பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க அண்ணா. அப்போ இது முருகன் வைக்கிற சோதனையா? இல்ல, விரதத்துல ஏதாவது குறை வச்சிட்டேனா?" வைத்தியம் பார்த்தா நம்பிக்கை இல்லைனு ஆயிடுமோன்னு பயந்து, ஒரு தம்பி எட்டு மாசமா வீட்டுல கூட சொல்லாம நொண்டிக்கிட்டே வேலைக்குப் போறார். அந்தத் தம்பிக்காகத்தான் இந்தப் பதிவு.

நம்ம பாம்பன் சுவாமிகளை நினைச்சுப் பாருங்க. 1891-ல சண்முக கவசம் அருளினவர். உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்துக்கும் 30 பாட்டு. உடம்போட ஒவ்வொரு உறுப்பையும் காக்கச் சொல்லி வேண்டுற கவசம் அது. அப்படிப்பட்டவருக்கே 1923 டிசம்பர்ல, சென்னை தம்புச்செட்டித் தெருவுல குதிரை வண்டிச் சக்கரம் ஏறி, இடது கால் எலும்பு முறிஞ்சது. அப்போ அவருக்கு எழுபது வயசுக்கு மேல.

கவசம் பாடினவருக்கே கால் முறிஞ்சதுன்னா, வலி வர்றதுக்கும் பக்தி குறையறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு புரியுதா?

சுவாமிகளை எங்க சேர்த்தாங்க? அரசு பொது மருத்துவமனையில. இந்த வயசுல எலும்பு கூடுறது கஷ்டம்னு டாக்டர்கள் சொன்னாங்க. அடியார்கள் சண்முக கவசத்தை விடாம ஓதினாங்க. 11-ஆம் நாள் இரவு, தோகை விரிச்சு ஆடுற மயில்களோட காட்சி சுவாமிகளுக்குக் கிடைச்சது. கால் குணமாச்சு. அந்த அருளைத்தான் திருவான்மியூர்ல மயூர வாகன சேவன விழான்னு இன்னைக்கும் கொண்டாடுறோம். அந்தக் காட்சி கிடைச்ச இடம் கோயில் கருவறை இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டர் வாசல் வரைக்கும் போறவனை முருகன் விட்டுட்டுப் போயிட மாட்டான்.

சரி, "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே, அப்புறம் ஏன் வலிக்குது?" எக்ஸ்ரே முக்கியமா காட்டுறது எலும்பை. பாதத்துல தசைநார், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் இருக்கு. அதனால காரணம் பல இடத்துல ஒளிஞ்சிருக்கலாம்.

காலையில எழுந்து வைக்கிற முதல் அடியில குதிகால்ல ஊசி குத்துற மாதிரி வலிச்சு, நடக்க நடக்கக் குறைஞ்சா, பெரும்பாலும் உள்ளங்காலைத் தாங்குற தசைநார்ல பிரச்சினை. பிளான்டர் ஃபேசியைட்டிஸ்னு சொல்வாங்க.

நீண்ட நடைக்கு அப்புறம் பாதத்துல விரல் வச்சுக் காட்டுற மாதிரி ஒரே இடத்துல வலிச்சா, எலும்புல மயிரிழை விரிசலா இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எடுக்குற எக்ஸ்ரேல இது தெரியாமலே போகலாம். ஸ்கேன்ல தெரியும்.

ராத்திரியில உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு இருந்தா நரம்பைச் சந்தேகப்படணும். சுகர் ஒரு காரணம். பி12 சத்துக் குறைவு இன்னொரு காரணம். சுத்த சைவம் சாப்பிடுறவங்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். நம்ம கூட்டத்துல அப்படி நிறைய பேர் இருக்கோம். ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்.

கட்டைவிரல் மூட்டு திடீர்னு சிவந்து வீங்கித் துடிச்சா, யூரிக் ஆசிட். இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுத்தா, கோளாறு முதுகுல. நாள் முழுக்கச் சிஸ்டம் முன்னாடி உட்கார்றவங்க இதைக் கவனிங்க. காலையில அரை மணி நேரத்துக்கு மேல இடுப்பு மரத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு, கூடவே குதிகாலும் வலிச்சா, மூட்டுவாத டாக்டரைப் பார்க்கணும். இது இளவயசுலயே வரும்.

இதுல உங்களுக்கு எதுன்னு நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது. டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். ஆனா எப்படிச் சொல்லணும்னு கந்த சஷ்டி கவசமே கத்துக்கொடுக்குது. தேவராய சுவாமிகள் பொதுவா "என்னைக் காப்பாத்து"ன்னு நிறுத்திக்கல. தொடை, கணைக்கால், முழந்தாள், விரல்களோட சேர்ந்த பாதம்னு தனித்தனியா பேர் சொல்லி வேல் காக்கணும்னு கேட்கிறார். நீங்களும் "கால் வலிக்குது டாக்டர்"னு நிறுத்தாதீங்க. எந்த இடம், எந்த நேரம், என்ன பண்ணா கூடுது, எது பண்ணா குறையுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வச்சுச் சொல்லுங்க. முதல் டாக்டர்கிட்ட விடை கிடைக்கலைனா அடுத்தவர்கிட்ட போங்க. விடாம தேடுறதும் ஒரு தவம்தான்.

சில விஷயத்துக்கு ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்குறது, காய்ச்சலோட பாதம் சிவக்கிறது, பாதத்தைத் தூக்க முடியாம இழுபடுறது, சுகர் இருக்குறவங்க காலில் ஆறாத புண். உடனே கிளம்புங்க.

"வேண்டிக்கிட்டேனே அண்ணா, வலியோட நடந்தே ஆகணுமா?"ன்னு கேட்குறவங்களுக்கு இடும்பன் கதை. சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் அகத்தியர் சொல்படி காவடியா தூக்கிட்டு வந்தவர், களைச்சுப் போய் இறக்கி வச்ச இடம்தான் பழனி. மறுபடி தூக்கப் பார்த்தா, மலை அசையல. நிமிர்ந்து பார்த்தா, மேல குழந்தையா நம்ம அப்பன்! பாரத்தை இறக்கி வச்ச இடத்துலதான் இடும்பனுக்குத் தரிசனம். மலை ஏறும்போது வழியில இன்னைக்கும் இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தானே போறோம்? நடக்க முடியாத வருஷம் பஸ்ல வாங்க. வெறுங்கால் ஆகாதுன்னு டாக்டர் சொன்னா, அடிவாரம் வரைக்கும் செருப்போட வாங்க. பழனியாண்டி கணக்குப் பார்க்க மாட்டான்.

எட்டு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கிற தம்பி, இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுப்பா. கிளம்பும்போது நெத்தியில விபூதி பூசிக்கோ. வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்து மனசுக்குள்ள சண்முக கவசம் சொல்லு. அந்தப் பாதம் இன்னும் எத்தனையோ தடவை அவன் படி ஏற வேண்டிய பாதம்.

வலியோட இருக்குற யாராவது உங்க குரூப்ல இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!