பந்தும் பகையும்

அண்டை மாநிலத்து அணியோடு நம் அணி மோதுகிறது. பந்து வலைக்குள் பாய்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவன், "நாம் வென்றோம்!" என்று துள்ளுகிறான். ஓடியவன் ஒருவன், உதைத்தவன் மற்றொருவன், வெற்றி மட்டும் இவனுக்கு! அதையேனும் பொறுக்கலாம், மகிழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்வது குற்றமன்று. ஆனால், அடுத்த நொடியே எதிரணியின் மாநிலத்தாரை, அவர்தம் மொழியை இழித்துப் பேசுகிறானே, அது ஆட்ட உணர்ச்சியா? சாதி உணர்ச்சியா?

காரைக்குடியில் 1947-இல் அழகப்பர் தொடங்கிய கல்லூரியும், 1985-இல் அவர் பெயரால் எழுந்த பல்கலைக்கழகமும் பந்தாடும் இளைஞர் பலரை வளர்த்துள்ளன. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் சென்றால், கேரளத்தாரையும் கருநாடகத்தாரையும் எதிர்கொண்டாக வேண்டும். அவ்விளைஞர்கள் எண்ணிப் பார்க்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம்.

2023 மார்ச் 3. பெங்களூர் கண்டீரவா அரங்கு. பெங்களூர் அணியும் கேரள அணியும் மோதின. கூடுதல் நேரத்தில், கேரளத்தார் தடுப்பு வரிசை அமைக்குமுன்பே, சுனில் சேத்திரி தனி உதையைக் கோலாக்கினார். நடுவர் ஏற்றார். கேரள அணி ஆட்டத்தைக் கைவிட்டு வெளியேறியது. பின்னர் 4 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

விதி பற்றிய வழக்கு அது; வாதாடட்டும். ஆனால், அதைக் கன்னடர், மலையாளி என்ற பகையாக்குவோரைக் கேட்கிறோம்: கோல் போட்ட சேத்திரி பிறந்த ஊர் செகந்திராபாத். கேரள அணியை வெளியே அழைத்த பயிற்சியாளர் வுகோமனோவிச் செர்பிய நாட்டவர். அவ்வணியின் ஆட்டக்காரர் லூனா உருகுவே நாட்டவர். எங்கே இருக்கிறது இதில் பிறப்பின் பெருமை? உழைப்பு ஒருவருடையது, ஊர் வேறொருவருடையது, பகை மட்டும் உங்களுடையதா?

"தமிழ், தமிழர் என்று முழங்கும் நீங்களா இதைச் சொல்வது?" என்று நம்மை நோக்கிக் கேட்பர். கேட்கட்டும், பதுங்கமாட்டோம். எமக்கு மேல் எவனுமில்லை என்பது உரிமைக் குரல். எமக்குக் கீழே அவன் என்பது ஆதிக்கக் குரல். முன்னது எங்கள் மொழிப்பற்று. பின்னது எந்த மொழியில் ஒலித்தாலும் வருணாசிரமத்தின் எதிரொலியே! நம் நாவில் அது ஒலிக்குமானால், முதற்கண் கண்டிக்கப்பட வேண்டியவர்கள் நாமே.

1924-இல் வைக்கத்தில் தெரு நடக்கும் உரிமை மறுக்கப்பட்டபோது, பெரியார் அங்கே சென்று போராடினார், இருமுறை சிறைப்பட்டார். அவர் வீட்டு மொழி கன்னடம். அவர் பேசி எழுதிய மொழி தமிழ். சிறைசென்றதோ மலையாள மண்ணின் ஒடுக்கப்பட்டோர்க்காக! "அடுத்த மாநிலத்தார் அல்லலுற்றால் நமக்கென்ன?" என்று அவர் எண்ணியிருந்தால், இன்று நமக்கு வைக்கம் ஏது?

போட்டியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. எதிரணி இன்றி ஆட்டமே இல்லை. வலிய அண்டையார்தாம் நம் குறைகளைக் காட்டும் கண்ணாடி. அவர்களை வெல்ல ஓடுங்கள், மூச்சு முட்ட ஓடுங்கள்! ஆனால், எதிரணியான் அழகாக ஒரு கோல் போடும்போது உங்கள் கைகள் தட்டுகின்றனவா என்று பாருங்கள். தட்டினால், நீங்கள் ஆட்டத்தை விரும்புகிறவர்கள். தட்ட மறுத்தால், உள்ளே சாதி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

தோழர்களே! கால்கள் பந்தை உதைக்கட்டும். பகுத்தறிவு அந்தப் பகையை உதைக்கட்டும்!