வந்து தங்கும் மாணவர்



அருளப்பரின் சீடர் இருவர் இயேசுபிரான் தங்கும் இடத்தை அறிய விரும்பினர். அவர் இடத்தை விபரித்துச் சொல்லவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். அன்று அவரோடு தங்கிய அந்திரேயா, தம் சகோதரர் சீமோனையும் அவரிடம் கூட்டிவந்தார்.

புனித அன்னை திரேசா 1929இல் கல்கத்தாவுக்கு வந்து, 1997இல் இறக்கும்வரை அந்நகரையே தம் இல்லமாக்கினார். 1952இல் காளிகட்டில் மரணத்தறுவாயில் இருப்போருக்கென ஓர் இல்லம் திறந்தார். பல நாட்டு மாணவரும் இளைஞரும் உதவிக்கு வந்தனர். காலைத் திருப்பலிக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த விருந்து தேநீர், பாண், வாழைப்பழம். அதன்பின் நோயாளரின் துணிகளைத் துவைக்கவும் உணவூட்டவும் சென்றனர்.

சில கிழமைகளில் மாணவர் ஊர் திரும்புவர். நோயாளரும் கன்னியரும் அங்கேயே இருப்பர். ஆகவே, ஏழையைக் காட்சிப்பொருளாக்காமல், அவருக்குப் பணிபுரிய மாணவரைப் பழக்குவதே மறைபணியாளரின் உண்மையான விருந்தோம்பல்.

நம் பங்குக்கும் தூர இடத்து மாணவர் வருவர். கோழிக்கறியும் புதுப்பாயும் மட்டும் போதுமா? நம் குடும்ப செபத்திலும் நோயாளர் சந்திப்பிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்வோம். அவர்களுள்ளும் ஓர் அந்திரேயா இருக்கக்கூடும்.