ஒரே கூண்டில் பல கிளிகள்

நம் இல்லங்கள் சிலவற்றில் இக்காலத்தில் கிளிக்கூண்டு இடம்பெற்றுள்ளது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும் விற்றலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளமையால், அயல்நாட்டு இனங்களே பெரிதும் வாங்கப்படுகின்றன. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறுகிளி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகரே. கொண்டையுடைய காக்கடீலும் அந்நாட்டதே. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவிற்குரியவை. இவற்றை ஒரே கூண்டில் வைக்கலாமா? இனங்கள் கலந்து குஞ்சு பொரித்தால் அது குற்றமா? இவை அறநோக்கில் ஆராயத்தக்க வினாக்கள்.

கிளி மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர். இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லா விரதத்திற்குக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்து குற்றங்களை நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். கூண்டில் அடைத்தல் முதற்குற்றத்தின் பாற்படும். பறவாதிருக்கச் சிறகை நறுக்குதல் மூன்றாவதற்கு நெருங்கியது.

பல இனங்களை ஒருங்கே அடைத்தால் குற்றம் மேலும் பெருகுகிறது. ஆப்பிரிக்கச் சிறுகிளி உருவிற் சிறிதாயினும் சினம் மிக்கது. பட்ஜெரிகரின் கால்விரலைக் கடித்துக் காயப்படுத்தும். வலியது உணவுக்கிண்ணத்தைக் காத்து நிற்க, எளியது பசித்திருக்கும். நம் கை உணவை மறுக்கவில்லை. ஆயினும் நம் ஏற்பாடு மறுக்கின்றது. தில்லி லால் மந்திர் வளாகத்தில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையில், ஊன் உண்ணும் பறவைகளைப் பிறவற்றோடு தங்க வைப்பதில்லை. அருள் என்பது எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதன்று; ஒவ்வோர் உயிரின் இயல்பையும் அறிந்து காப்பதே அருள்.

இனி இனக்கலப்பு. காக்கடீலும் பட்ஜெரிகரும் கூடிக் குஞ்சு பொரிப்பதில்லை. ஆப்பிரிக்கக் கிளிகளுள் ரோஜா நிற முகமுடைய இனமும் ஃபிஷர் இனமும் கூடினால் பிறப்பவை பெரும்பாலும் மலடாகும். ஃபிஷர் இனமும் கருமுக இனமும் கூடினால் பிறப்பவை மேன்மேலும் பெருகும்.

‘சாதி கெட்டுவிடும்’ என்று இதனை வெறுப்பாருளர். அவ்வெறுப்பு நமக்கு உரியதன்று. உயிர் தன் வினைக்கேற்ற உடலை எய்துகிறது. இறகின் நிறத்தால் அதற்கு உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. கலந்து பிறந்த குஞ்சு குற்றமற்றது. குற்றம், புதுநிறக் குஞ்சுக்கு மிகுவிலை கிடைக்குமென்று இணை சேர்க்கும் உலோபத்திலும், பிறக்கும் உயிருக்கு யார் பொறுப்பென்று எண்ணாத அயர்ச்சியிலும் உள்ளது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயிலாதலின், வாங்குவோரும் இதில் பங்காளரே.

அப்படியாயின் கூண்டைத் திறந்துவிடலாமோ? அதுவும் அருளாகாது. கூண்டிலேயே பிறந்த அயல்நாட்டுக் கிளி இரைதேட அறியாது; காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். விடுவிப்பதற்கென்றே சந்தையில் பறவை வாங்குதலும் பிடிப்போனை மீண்டும் காட்டிற்கு அனுப்புவதேயாம்.

ஆதலின் புதிதாக வாங்காதிருப்போம். இருப்பவற்றை இனவாரியாகப் பிரித்து, சிறகு விரிக்கத்தக்க அகன்ற கூண்டுகளில் வைப்போம். முட்டையிட்டபின் அதனை அழிப்பது நமக்கு ஒவ்வாது. எனவே இணை சேருமுன்னரே பிரித்தல் நன்று. கலந்து பிறந்த குஞ்சு முன்னரே இருப்பின், அதனை விற்காது அதன் ஆயுள் முடியும்வரை பேணுவோம். நம் விருப்பத்தால் அடைபட்ட உயிருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.