துக்கத்தைக் கேட்க வரும் அந்நியர்

புதைத்து வைத்த துக்கம் வெளியே வரும்போது பெரும்பாலும் மிக நெருங்கியவரிடம் வருவதில்லை. இடையில் வந்து சேர்ந்த, உறவும் உரிமையும் இல்லாத ஒருவரிடமே போகிறது. இதை ஆழமாகக் காட்டிய நாவல்களில் ஒன்று ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'கொகோரோ'. 1914இல் அசாகி நாளிதழில் தொடராக வந்தது.

காமகுரா கடற்கரைக்கு வந்த மாணவன் ஒருவன் அங்கே கண்ட ஒருவரிடம் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறான். மரியாதையாக 'சென்செய்' என்றே அவரை அழைக்கிறான். படித்திருந்தும் வேலைக்குப் போகாதவர் அவர். யாரோடும் அதிகம் பழகாதவர். மாதந்தோறும் டோக்கியோவின் சோஷிகயா இடுகாட்டில் ஒரு நண்பனின் கல்லறைக்குத் தனியே போய்வருகிறார். வயதாலும் அனுபவத்தாலும் பொருந்தாத இந்த நட்பு எதற்கு என்று வாசகருக்கு நெடுநேரம் விளங்காது.

விடை, பின்னர் மாணவனுக்கு அவர் எழுதும் நீண்ட கடிதத்தில் இருக்கிறது. இளமையில் அவர் வாடகைக்குத் தங்கிய வீட்டில் ஒரு பெண். தவித்துக்கொண்டிருந்த தன் நண்பன் கே-யை அக்கறையோடு அவரே அங்கே அழைத்து வந்து தங்கவைக்கிறார். அந்தப் பெண்ணை விரும்புவதாகக் கே ஒருநாள் அவரிடம் மனம் திறக்கிறான். அவருக்கும் அவள்மீது காதல். அதை அவனிடம் சொல்லாமல், அவனுக்குத் தெரியாமல் அவள் தாயிடம் பெண் கேட்டுவிடுகிறார். சில நாளில் கே தற்கொலை செய்துகொள்கிறான். விட்டுப்போன கடிதத்தில் அவரைக் குறைசொல்லி ஒரு வரிகூட இல்லை. அவரைக் கடைசிவரை வாட்டுவது அந்த மௌனம்தான் என்று கொள்ள இடமிருக்கிறது.

அந்தப் பெண்ணையே அவர் மணக்கிறார். கணவர் ஏன் இப்படி ஒடுங்கிப்போனார் என்று தெரியாமல், தன்னிடம்தான் குறையோ என்று அவள் அழுகிறாள். அவளிடம் சொன்னால் அவள் வாழ்க்கையிலும் கறை படியும் என்பது அவர் கணக்கு. மாணவனுக்கு இதில் இழக்க எதுவுமில்லை. ஆகவே அவனிடம் சொல்ல முடிகிறது. ஆனால் கேட்பவனுக்கும் அது சுமைதான். அந்தக் கடிதம் வந்ததும், சாகக் கிடக்கும் தன் தந்தையை விட்டுவிட்டு அவன் ரயிலேறுகிறான். சென்செய்யின் மனைவி உயிரோடு இருக்கும்வரை அவளிடம் சொல்லக் கூடாது என்ற வேண்டுகோளும் அவன் தலையில் விழுகிறது. அன்பினால் செய்த மறைப்பு என்றாலும், அந்த மனைவிக்கு இழைத்த கொடுமை சிறிதல்ல.

நாகசாகியில் பிறந்து சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போன கசுவோ இஷிகுரோ, 1989இல் புக்கர் பரிசு பெற்ற 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நாவலில் இதே இடத்துக்கு வேறு வழியாக வருகிறார். பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாளரான ஸ்டீவன்ஸ், 1923இல் மாடியில் தந்தை இறந்துகொண்டிருக்க, கீழே விருந்தினருக்குப் பரிமாறுகிறார். உடன் வேலைபார்த்த மிஸ் கென்டன் மூடிய கதவுக்குப் பின்னால் அழுகிறார் என்று தோன்றியும் ஸ்டீவன்ஸ் தட்டுவதில்லை. 1956இல் வேமத் துறைமுகத்து பெஞ்சில், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது கண்ணீர் வந்துவிடுகிறது. அந்த மனிதர் கைக்குட்டையை நீட்டுகிறார். அப்போதும் ஸ்டீவன்ஸ் பேசுவது பழைய எஜமானரைப் பற்றித்தான். மிஸ் கென்டன்மீது இருந்த காதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்நியரிடம்கூட உண்மையான துக்கம் வேறொரு துக்கத்தின் பெயரில்தான் வெளியே வருகிறது.

சொல்லவேண்டியவரிடமே சொன்னவர் மிஸ் கென்டன். வேமத்துக்கு இரண்டு நாள் முன்பு, கார்ன்வாலில், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஸ்டீவன்ஸுடன் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையைச் சில சமயம் நினைத்ததுண்டு என்று நேராகவே சொல்லிவிடுகிறார். கணவரை நேசிக்கப் பழகியதையும் மறைக்கவில்லை. மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பேருந்து வந்ததும் ஏறித் தன் வீட்டுக்குப் போகிறார்.