நாலுமூலைக் கேணி

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, காவிரி, கொள்ளிடம் ரெண்டையும் தாண்டிப் போனால் திருவெள்ளறை. ஸ்ரீரங்கத்துக்கும் முந்திய கோயில், ‘ஆதி வெள்ளறை’ என்று பெருமை பேசுவார்கள். நான் போனது பெருமாளைப் பார்க்க அல்ல, கிணற்றைப் பார்க்க.

ஸ்வஸ்திக வடிவம். நாலு பக்கமும் படித்துறை. ஒவ்வொன்றும் வளைந்து திரும்புவதால் ஒன்றில் இறங்குகிறவரை இன்னொன்றில் இறங்குகிறவர் பார்க்க முடியாது. ‘மாமியார் மருமகள் குளம்’ என்று கேலிப்பேரும் உண்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் வெட்டியது என்கிறது கல்வெட்டு. (மண்வெட்டி பிடித்தவன் பேர் எந்தக் கல்லில்?) கிழடு தட்டுவதற்குள் மிச்சமிருப்பதை உலகத்துக்குக் கொடுத்துவிடு என்கிற கருத்தில் ஒரு பாட்டும் வெட்டியிருக்கிறது.

இந்த ‘உலகம்’தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. எங்க அப்பாயி ஊர்க்கிணத்துக்கு எட்டி நின்னு, கொடத்தத் தரையில வெச்சிட்டு, “ஒரு கொடம் ஊத்துங்க சாமி”ன்னு பொழுதுக்கும் காத்துக் கெடந்தவ. அந்தக் கிணறும் யாரோ ஒரு புண்ணியவான் தருமத்துக்கு வெட்டியதுதான். அவன் நல்லவனா? தண்ணி குடிச்சவனக் கேட்டா நல்லவன்தான்.

திருவெள்ளறைக் கிணறு எங்களை விலக்கியது என்று நான் எழுத மாட்டேன். கல் அப்படிச் சொல்லவில்லை. விலக்கவில்லை என்றும் அது சொல்லவில்லை. இருநூறு வருசம் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று தனித்தனியாக வந்துவிடுகிறது. சேரி தனி என்றான பிறகு உலகம் என்ற சொல்லுக்குள் நாங்கள் இருந்தோமா என்று எவனைக் கேட்பது? மகாத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தை யார் குடிப்பது? 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் இறங்கி அள்ளிக் குடித்த பிறகு, தீட்டு என்று சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 2022 டிசம்பரில், இங்கே பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலில், நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கிடந்தது.

“பழசையெல்லாம் இப்படிப் பாத்தா எதத்தான் ரசிப்பீங்க தோழர்? கலையக் கலையா பாருங்க” என்றார் கூட வந்த தோழர். பார்க்காமல் இல்லை. அந்தக் கல்லடுக்கு அழகுதான். அதை வெட்டி அடுக்கிய கை எங்க பாட்டன் கையாகவும் இருக்கலாம். அதனாலேயே விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

நாலு துறையையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். அப்பாயியக் கொடத்தோட எந்தத் துறையில எறக்குறதுன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.